உலகின் முதல் தபால்தலையில் இருக்கும் விக்டோரியா ராணியின் முகத்தைச் செதுக்கியது யார்? அவர் வேறு என்ன செய்தார்?

அந்தத் தலையின் பெயர் பென்னி பிளாக்; ஒரு பென்னி விலை, கறுப்பு நிறம். முகத்தைச் செதுக்கியவர் சார்லஸ் ஹீத் (1785–1848), கூடவே அவர் மகன் ஃபிரடெரிக். பழைய தபால்தலை சேர்க்கிறவன் நான். ஹீத்தைப் பற்றி ஒருவர் கேட்பது அபூர்வம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லண்டனில் அப்பா ஜேம்ஸ் ஹீத்தும் பேர்பெற்ற செதுக்குக் கலைஞர்தான். மகன் தொழில் கற்றது அவரிடமே. அந்தக் காலத்தில் புத்தகப் படங்களைப் பெரும்பாலும் செப்புத் தகட்டில் வெட்டுவார்கள். செம்பு மென்மையானது; அச்சிட அச்சிட நுணுக்கமான கோடுகள் தேய்ந்துவிடும். 1819இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்ற அமெரிக்கர், கள்ள நோட்டு அடிக்க முடியாத பணத்தாள் செய்து தருகிறேன் என்று லண்டன் வந்தார். அவர் கையில் இருந்தது எஃகுத் தகடு. ஹீத் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். மறு வருடமே தாமஸ் கேம்பெலின் கவிதை நூலுக்கு எஃகில் படங்கள் வெட்டினார்.

எஃகு வந்ததும் ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்க முடிந்தது. அந்தத் துணிச்சலில்தான் ஹீத் பதிப்பாளராகவும் மாறினார். பரிசாகக் கொடுக்கும் ஆடம்பர ஆண்டு மலர்கள், ஓவியர் டர்னரின் இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகள் என்று பெரிய பெரிய திட்டங்கள். கலை நன்றாக வந்தது, கணக்கு உதைத்தது. டர்னர் தொகுப்பு 1838இல் நின்றுபோக, மிச்சமிருந்த இருப்பையும் தகடுகளையும் டர்னரே 3,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார்.

தபால்தலை வேலை அதற்கு அடுத்து வந்தது. தபால்தலையில் முகம் வைத்தது கள்ளத் தலையைக் கண்டுபிடிக்கத்தான்: பூவேலையில் ஒரு கோடு மாறினால் நமக்குத் தெரியாது, பழகிய முகத்தில் சின்ன மாற்றம் என்றாலும் கண் கண்டுபிடித்துவிடும். ராணியின் முகத்தோடு வில்லியம் வயன் செய்த பதக்கத்தைப் பார்த்து ஹென்றி கார்போல்டு வரைந்தார். அதைத்தான் ஹீத்கள் மென்மையான எஃகில் வெட்டினார்கள். பிறகு அந்த எஃகைக் கடினமாக்கி, அதன்மேல் மென்மையான எஃகு உருளையை அழுத்தி உருட்டி உருவத்தை எடுத்தார்கள். அந்த உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டில் 240 முறை பதித்தார்கள். ஒரு தாளுக்கு 240 தலை, சரியாக ஒரு பவுண்டு; அப்போது 240 பென்னி சேர்ந்ததுதான் ஒரு பவுண்டு. வெட்டியது ஒரே முகம். அச்சானது கிட்டத்தட்ட 6 கோடியே 80 லட்சம் பென்னி பிளாக். அவற்றை அச்சிட்டது பெர்க்கின்ஸ் ஆரம்பித்த நிறுவனம்; இலங்கையின் முதல் தபால்தலைகளை 1857இல் அச்சிட்டதும் அதே நிறுவனம்தான்.

என்னைக் கேட்டால் ஹீத்தின் ஆகச்சிறந்த வேலை இதுதான். கட்டைவிரல் நகம் அளவு இடம். லென்ஸ் வைத்துக் கழுத்துப் பக்கம் பாருங்கள், நிழல் முழுக்கத் தனித்தனிக் கோடுகள். கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் ராணியின் முகமே வேறாகியிருக்கும்.

பென்னி பிளாக் விலை அதிகம். ஆனால் 1841இலிருந்து சிவப்பு நிறத்தில் வந்த பென்னி ரெட்டும் இதே முகம்தான், அது மலிவாகவே கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் ஓரத்தில் துளையில்லாமல் கத்தரியால் வெட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். 1855இல் வில்லியம் ஹம்ஃப்ரிஸ் என்பவர் அந்த முகத்தின் கோடுகளை ஆழமாக்கித் திருத்திவிட்டார். துளையில்லாதவை அதற்கு முந்தையவை, ஹீத் வெட்டிய முகம் அப்படியே இருக்கும்.