'ஓகே' என்பதன் விரிவாக்கம் 'அப்ஜெக்ஷன் கில்ட்' தானா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பொது அறிவுத் தொகுப்பு எதிலாவது பார்த்திருப்பீர்கள். இல்லை, 'ஆட்சேபணை ஒழிந்தது' என்று பொருள் சொல்லும் அந்த விரிவாக்கம் இரண்டு எழுத்துக்கும் பொருந்துகிற மாதிரி யாரோ பிற்பாடு உட்கார்ந்து கோத்தது.

கேள்வியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலக ஆண்டு விழா வினாடி வினாவில் இதே கேள்வி, அதுவும் கடைசிச் சுற்றில். "ஆல் கரெக்ட் என்பதை வேணுமென்றே பிழையாக எழுதியது" என்றேன். நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "தப்பு. அப்ஜெக்ஷன் கில்ட்" என்றார். விளக்கப் போனால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு. சொற்களைத் தப்புத் தப்பாக எழுதுவது, அந்தத் தப்புக்கு முதலெழுத்துச் சுருக்கம் போடுவது. 'ஆல் ரைட்'டுக்கு ஓ.டபிள்யூ. என்று எழுதினார்கள். அப்படித்தான் 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் ஓ.கே. அச்சானது. 'ஆல் கரெக்ட்'டுக்கு வரவேண்டியது ஏ.சி. இரண்டெழுத்தையும் தப்பாகப் போட்டுவிட்டு 'எல்லாம் சரி' என்பதுதான் வேடிக்கையே! மற்றவை மறைந்தன. இது பிழைத்ததற்கு 1840 அதிபர் தேர்தல் ஒரு காரணம். வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயருக்கும் அதே எழுத்துகள் வர, ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். அவர் தோற்றுப்போனார், சுருக்கம் பரவிவிட்டது. பழைய நாளிதழ்களைத் துழாவி 1963, 64இல் இதையெல்லாம் எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட்.

ஓகே என்பது அமெரிக்காவின் சோக்டா பழங்குடி மொழிச் சொல் என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: உட்ரோ வில்சனே அதை நம்பி ஓ-கே-இ-எச் என்று எழுதியவர்தான், தெரியும். அதிபர் நம்பினால் ஆதாரமாகிவிடுமா? நான் மொழியியல் படித்தவனில்லை. ரீட் படித்தவர், அவரோடு மோதுங்கள்.

பரிசு போனால் போகட்டும். இப்போது மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே "அப்ஜெக்ஷன்!" என்று சிரிக்கிறார்கள். அந்த ஆண்டு அப்ரைசலில் 'எதற்கெடுத்தாலும் விவாதம் செய்கிறார்' என்று ஒரு வரி. விளக்கம் கேட்டு நீளமாக மின்னஞ்சல் போட்டேன். மேனேஜரின் பதில் ஒற்றை எழுத்து: கே. அந்த ஓ-வைத் தட்டக்கூட நேரமில்லை போல.