வீட்டையொட்டி மேய்ச்சல் நிலம், ஊடே நடைபாதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரண்டு ஏக்கர் புல்வெளியுள்ள வீடு பார்த்திருக்கிறோம். இரண்டு குதிரைகளை வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நெருக்கடிதான். பெரும்பாலும் புல்லை நம்பி வளர்த்தால் குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வேண்டும். நிலத்தை நான்கு பட்டிகளாகப் பிரியுங்கள். புல் 15 செ.மீ. வளர்ந்ததும் மேயவிட்டு, 5 செ.மீ.க்குக் குறையுமுன் அடுத்த பட்டிக்கு ஓட்டிவிடுங்கள். அடியோடு கடிபட்ட இடத்தில் பிறகு களைதான் முளைக்கும். லத்தியை வாரம் இருமுறையாவது அள்ளுங்கள். குடற்புழுக்கள் அதிலிருந்துதான் புல்லில் ஏறுகின்றன.

கேள்வி: கேட்டருகே மழைக்காலம் முழுக்கச் சேறு. கொட்டிய ஜல்லியும் ஒரே பருவத்தில் காணாமல் போய்விட்டது.

பதில்: எங்கும் போகவில்லை, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. குளம்பு மிதிக்க மிதிக்கக் கல் கீழே போகும், சேறு மேலே வரும். இரண்டையும் பிரிக்க நடுவில் துணி வேண்டும். மண்ணை 20 செ.மீ. தோண்டி, தண்ணீர் வடிய மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுங்கள். ஜியோடெக்ஸ்டைல் என்னும், தண்ணீரை வடியவிடும் செயற்கை இழைத் துணியை விரியுங்கள். இணைப்புகளில் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். மேலே 40 மி.மீ. ஜல்லியை 15 செ.மீ. கனத்துக்கு, இரண்டு அடுக்காகப் போட்டுத் திமிசு அடியுங்கள். கடைசியில் 5 செ.மீ. கல்தூள். இதைப் போடாமல் விட்டால் கூரான கல் குளம்படியில் சிக்கி நொண்டவைக்கும். தண்ணீர்த் தொட்டி கேட்டருகே இருந்தால் தள்ளி வையுங்கள். கால்நடை கூடி நிற்கும் இடமெல்லாம் சேறாகும்.

கேள்வி: மின்வேலி கோடையில் மட்டும் ஷாக் அடிப்பதில்லை.

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள். காய்ந்த மண்ணில் மின்சாரம், வேலிக்கு அதை அனுப்பும் கருவிக்குத் திரும்பி வராது. ஈரம் நிற்கும் இடத்தில் 1 மீட்டர் நீள நாகமுலாம் கம்பிகள் மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில் அடித்து இணையுங்கள். வேலிக் கம்பியைத் தொடும் புல்லையும் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: குதிரைக்கு முள்கம்பி வேலி போதுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மிரண்டு பாயும் குதிரையின் தோலையும் தசைநாரையும் கிழித்துவிடும். மரச்சட்டம் அல்லது அகல நாடா மின்வேலி போடுங்கள். 1.8 மீட்டர் கம்பமென்றால் 60 செ.மீ. மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக் கம்பத்துக்கு முட்டு கொடுக்காவிட்டால் இழுப்பு தாங்காமல் முதலில் சாய்வது அதுதான்.

கேள்வி: நடப்பவர்கள் கேட்டைத் திறந்தபடியே போட்டுவிடுகிறார்கள். பாதையை அடைத்துவிடலாமா?

பதில்: பத்திரத்தையும் நில வரைபடத்தையும் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பொதுவழியென்றால் உங்கள் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. பாதைக்கு 2 மீட்டர் அகலம் விட்டு இருபுறமும் வேலி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்டை, கையை விட்டதும் தானே மூடும்படி, மூடும் பக்கம் சாய்த்து மாட்டுங்கள். வேலி போட முடியாத நிலத்தில் கன்றுள்ள பசுக்களைப் பாதையோரம் மேயவிடாதீர்கள். நாயைக் கண்டால் பாயும். அப்படிப் பாய்ந்தால் நாயின் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே பலகை வையுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும். கயிற்றைப் பிடித்து நிற்பவர்தான் மிதிபடுவார்.