பாடி மாறினாலும் அதே கார்தானா?

கேள்வி: இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ரோபெர்டோ ரோசெல்லினியின் ஃபெராரி 375 எம்.எம். கார், 2014இல் அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. முதலில் கூரையில்லாத காராக இருந்து, பின்னர் முழுப் பாடியும் மாற்றப்பட்ட அதை அவருடைய அதே கார் என்று சொல்வது சரியா?
– வாசகர், ஓசூர்

பதில்: சரிதான். உங்கள் ஊரின் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து வெறும் சேசிஸாக, அதாவது அடிச்சட்டமாகப் புறப்படும் லாரிக்கு வேறோர் ஊரின் பட்டறையில் பாடி கட்டுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அதைக் கழற்றிப் புதிதாகக் கட்டினாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண் மாறுவதில்லை. அக்கால ஃபெராரி கார்களுக்கும் பாடி கட்டும் வேலை வெளிப் பட்டறைகளிடமே இருந்தது. 0402ஏ.எம். என்ற சேசிஸ் எண் கொண்ட இந்தக் காருக்கு முதலில் பினின் ஃபரினா பட்டறை திறந்த பாடி கட்டியது. பின்பு பாடி கட்டும் ஸ்காலியெத்தி அதை மூடிய கூபேயாக்கினார். ரோசெல்லினிக்குப் பிறகு சிசிலி, பிரான்ஸ் எனக் கைமாறிய கார், 1995இல் மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஜான் ஷெர்லியிடம் வந்தது. எண்ணும் உரிமையாளர் வரிசையும் தெளிவாக இருப்பதால் இதில் ஐயத்துக்கு இடமில்லை.

சேசிஸும் எஞ்சினும்கூட மாறியிருந்தால்தான் கேள்வி கடினமாகிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார், 1932இல் எட்டு லிட்டர் எஞ்சினுடன் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பிறகு அதற்கும் கூபே பாடி கட்டப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அசல் கார் அல்ல என்று கூறிப் பணம் தர மறுக்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. முதல் வெற்றியின்போது இருந்த பாகங்களில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றுக்கொண்டார். ஆயினும், இந்தக் கார் ஒருபோதும் கண்ணில் படாமல் மறைந்ததில்லை, மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதிலேயே நடந்தன, இந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு காரும் இல்லை என்பதால் இதுவே 'ஓல்டு நம்பர் ஒன்' என்று 1990இல் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பழைய கார் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாற்றப்பட்ட பாகத்தைவிட, யாரிடம் இருந்தது என்றே தெரியாத பத்தாண்டு இடைவெளிதான் ஒரு காரின் மதிப்பை அதிகமாகக் குலைக்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1960களில் வாங்கிய கார் உள்ளது. எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது. அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இங்கே அந்த லண்டன் தீர்ப்பு உதவாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, வாகனம் 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கவும் வேண்டும். எனவே எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது, அதே வகை எஞ்சின்தானா, அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியுள்ளதா என்பவற்றை முதலில் பாருங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் பழைய ஆர்.சி., காப்பீட்டுத் தாள்கள், பட்டறை ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகுங்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகள் செல்லும். அவ்வாறு பதிவான காரை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட அனுமதியில்லை.