தாடை மூட்டு வலியும் லேசர் சிகிச்சையும்

கேள்வி: எட்டு மாதங்களாக வலது காதுக்கு முன்னால் வலி இருக்கிறது, வாயைத் திறக்கும்போது ‘டக்’கென்று சத்தமும் கேட்கிறது. குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சையைப் பத்து முறை எடுத்துக்கொண்டால் மூட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்கிறார் ஒரு மருத்துவர். எடுத்துக்கொள்ளலாமா? லேசர் சுட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: சுட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். திசுவை வெட்டும் லேசர் வேறு, இது வேறு. பொதுவாக 500 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியே இதில் பயன்படுகிறது; அது தோலைக் கடந்து சென்று, உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதியால் உறிஞ்சப்பட்டு, அதன் வழியாக அழற்சியையும் வலியையும் தணிக்கிறது என்று விளக்கம் தருகிறார்கள். கண்ணுக்கு மட்டும் ஆபத்து உண்டு என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்ட பிறகே சிகிச்சைக்கு உட்காருங்கள்.

ஆனால், மூட்டு பழைய நிலைக்குத் திரும்பும் என்ற வாக்கை என்னால் ஏற்க முடியவில்லை. தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் சிறு வட்டு முன்பக்கமாக நகர்ந்துவிட்டால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன்மேல் மீண்டும் ஏறி அமரும். பெரும்பாலும் அந்தச் சத்தமே உங்களுக்குக் கேட்கிறது. நகர்ந்த வட்டை ஒளியால் இழுத்து வைக்க முடியாது. அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். வலியோ, வாயைத் திறக்க முடியாத அடைப்போ இல்லாத வெறும் சத்தத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை.

வலியைப் பொறுத்தவரை, சில ஆய்வுகளில் லேசர் பயன் தந்தது. வேறு சிலவற்றில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த போலி லேசரைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அலைநீளமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுவது இதற்கு ஒரு காரணம். ஒளியைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதும் சரியல்ல. நாள்பட்ட தாடை வலி குறித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேசரைத் தவிர்க்கலாம் என்று நிபந்தனையுடன் சொல்கிறது. மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி, கையால் செய்யும் மூட்டுச் சிகிச்சை, மனநலச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

ஆகவே, முதலில் இயன்முறை மருத்துவரிடம் தாடைப் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். உதடுகள் மூடியிருக்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கப் பழகுங்கள்; பகலில் நம்மை அறியாமல் பல்லைக் கடிப்பதுதான் பலருக்கு வலியைத் தக்கவைக்கிறது. பயிற்சி செய்யவிடாத அளவுக்கு வலி இருந்தால், அதைத் தணிக்கும் துணையாகச் சில முறை லேசர் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். யாராவது பல்லைத் தேய்த்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தைச் சரிசெய்யலாம் என்றால் சம்மதிக்காதீர்கள், தேய்த்த பல் திரும்ப வளராது. வாய் திடீரென்று பாதியில் நின்றுவிட்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, உடனே முக அறுவை மருத்துவரைப் பாருங்கள்.