நிற்கும் இடமும் படத்தின் அமைப்பும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் வயலோரப் பனைகளைப் படம் எடுத்தால், பின்னால் கண்ணை நிறைக்கும் பொதிகை மலை படத்தில் சிறு மேடுபோல ஆகிவிடுகிறதே, ஏன்?

பதில்: பனைக்கு மிக அருகில் நின்று, அகலக் கோண லென்ஸில் எடுத்திருக்கிறீர்கள். மரத்திலிருந்து 20 மீட்டரில் நின்ற நீங்கள் 200 மீட்டருக்கு விலகினால் மரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலையின் அளவோ ஏறக்குறைய மாறாது. அங்கிருந்து, தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால், மலை பனைக்குப் பின்னால் ஓங்கி நிற்கும். மரத்துக்கும் மலைக்கும் உள்ள விகிதத்தை நிற்கும் தூரமே தீர்மானிக்கிறது. அந்தக் காட்சியில் எவ்வளவு பகுதி படத்துக்குள் வரும் என்பது மட்டுமே லென்ஸின் பொறுப்பு. படத்தின் அமைப்பு பற்றி என்னிடம் எதைக் கேட்டாலும், முதலில் நின்ற இடத்தைத்தான் விசாரிப்பேன்.

கேள்வி: 'மூன்றில் ஒரு பங்கு' விதியை எப்போதும் பின்பற்ற வேண்டுமா? (பாளையங்கோட்டை)

பதில்: வேண்டியதில்லை. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தப் பிரிகோடுகளில் வையுங்கள் என்பதே அந்த விதி. நிழற்படக்கலை பிறப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களை முன்னிட்டு எழுதிய யோசனை அது. தாமிரபரணி அசையாமல் கிடக்கும் காலையில் சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளும் அவற்றின் நிழலும் சேர்ந்து வட்டமாகத் தோன்றினால், நீர்க்கோட்டைத் தயங்காமல் நடுவில் வையுங்கள்.

கேள்வி: ஆனித் தேரோட்டப் படங்களில் நெல்லையப்பர் தேரின் பிரம்மாண்டம் வரவில்லை. (நெல்லை டவுன்)

பதில்: தேரை முழுவதும் அடக்க வேண்டும் என்று பின்வாங்கியிருப்பீர்கள், ஒப்பிட ஓர் ஆள் அருகில் இல்லாவிட்டால் பெரிய தேரும் பொம்மையாகிவிடும். தேர் வரும் பாதைக்குள் இறங்காமல், வீதியோரத்தில் தாழ அமர்ந்து, வடத்தைப் பற்றிய கைகள் முன்னாலும், அந்த வடம் தேரை நோக்கி ஓடும் கோடாகவும் அமையுமாறு எடுங்கள். தேரின் உச்சி வெட்டுப்பட்டாலும் குறையில்லை.

கேள்வி: கூந்தன்குளத்தில் பறவைகளை நெருங்கி எடுக்க என்னிடம் பெரிய லென்ஸ் இல்லை. (நாங்குநேரி)

பதில்: தயவுசெய்து நெருங்காதீர்கள், கூட்டைவிட்டுத் தாய்ப்பறவை எழுந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும். அங்கே நாரைகள் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன என்பதால், கூரையும் மரமும் கூடும் சேர்ந்து வரும் அகன்ற படமே அவ்வூரை உள்ளபடி காட்டும். நாரை பார்க்கும் திசையில் மட்டும் சற்றுக் கூடுதலாக இடம் விடுங்கள்.