300 பேர் வரும் மாநாடு: செயலி இல்லாமலே செய்யலாம்

வணக்கம். பல் மருத்துவர் மாநாட்டுக்கு 300 பேர் வருகிறார்கள், வருபவர்களை ஒருவரோடு ஒருவர் பழகவைக்கும் கைபேசிச் செயலிக்குப் பணம் இல்லை, போன முறை இளையவர்கள் ஓரமாகவே நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செயலி இல்லாதது ஒரு குறையே இல்லை.

பதிவுப் படிவத்தில் மூன்று கேள்விகள் சேருங்கள்: முதல்முறை வருகிறீர்களா, தொழிலில் எந்தச் சிக்கலுக்கு விடை தேடுகிறீர்கள், சாப்பாட்டில் எது ஆகாது. கேட்டுவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால் கேட்காததை விட மோசம்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் பொக்கிஷம். அவற்றை வைத்து மதியச் சாப்பாட்டு மேசைகளைப் பிரியுங்கள். 'வேர் சிகிச்சை', 'பயப்படும் குழந்தைகள்', 'சொந்த கிளினிக் தொடங்க' என்று அட்டை வைத்து, மேசைக்கு ஒரு மூத்த மருத்துவரை முன்கூட்டியே கேட்டு உட்கார வையுங்கள். புதிதாக வருபவர் தயங்காமல் போய் உட்காருவார்.

அடையாள அட்டையில் மாநாட்டுச் சின்னத்தைச் சிறிதாக்கி, பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கயிற்றில் அட்டை திரும்பிக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் சந்திப்புகளில் தொடங்கிய வண்ண ஒட்டிகளையும் வைக்கலாம்: பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அப்புறம், பதிவின்போது வாங்கிய கைபேசி எண்களைச் சம்மதம் கேட்காமல் விளம்பரதாரர்களிடம் கொடுக்காதீர்கள்.