ஆறாவது பாடமாக ஓவியம் எடுக்கலாமா?

வணக்கம் சார்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். விருப்பப் பாடமாக எடுக்கும் ஆறாவது பாடத்துக்கு அவள் ஓவியம் கேட்கிறாள், நீங்கள் ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, எடுக்கச் சொல்கிறீர்கள். "படம் வரைஞ்சு என்னங்க ஆகப்போகுது?" என்று எழுதியிருந்தீர்கள். கேள்வியில் தப்பே இல்லை, ஃபீஸ் கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓவியம் கற்றால் கணக்கில் மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2000-இல் எழுதினார்கள். கலைக் கல்விக்காகப் பேசுகிறவர்கள் பலருக்கு அது கசந்தது. அப்புறம் அவர்களே ஒரு குழுவாகப் பாஸ்டன் வட்டாரப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளுக்குப் போய், பிள்ளைகள் அங்கே எதைத்தான் கற்கிறார்கள் என்று கவனித்தார்கள். உற்றுப் பார்ப்பது, இன்னும் இல்லாத ஒன்றை மனதில் கண்டு திட்டமிடுவது, அலுப்புத் தட்டினாலும் விடாமல் வேலையை முடிப்பது, செய்ததைத் தானே எடைபோடுவது என்பது போல எட்டுப் பழக்கங்களைச் சொன்னார்கள்.

உற்றுப் பார்ப்பது என்றால் என்ன என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேஜை மேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து மகளை வரையச் சொல்லுங்கள். பழக்கமில்லாத பிள்ளை என்றால் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போட்டுவிடும். வாய் வட்டம் என்று அதற்குத் தெரியும், சொம்பு மேஜையில் நிற்கிறது என்றும் தெரியும். தெரிந்ததைத்தான் வரைகிறது, கண்ணுக்கு முன்னால் இருப்பதை இன்னும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும், அடியும் லேசாக வளைந்திருக்கும். நல்ல ஆசிரியர் அதைத் திருத்தி வரைந்து கொடுக்க மாட்டார். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, அகலம் எவ்வளவு உயரம் எவ்வளவு என்று அளக்கச் சொல்வார். பிள்ளை அழித்து அழித்து வரையும். 'நமக்குத் தெரியும்' என்பதை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் இருப்பதைப் பார்க்கும் இந்தப் பயிற்சி வேறு எந்தப் பீரியடில் கிடைக்கிறது? அறிவியல் ஆய்வகத்தில் கிடைக்க வேண்டும். அங்கேயும் பாதி நேரம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கிறது.

இன்னொன்று, விமர்சனம். ஓவிய வகுப்பில் பிள்ளைகளின் படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி எல்லோரும் நின்று பேசுவார்கள். "நல்லாயிருக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எது நல்லாயிருக்கிறது, ஏன் என்று ஆசிரியர் கேட்பார். மூன்று நாள் உழைத்த படத்தைப் பற்றித் தோழி குறை சொல்வதை நின்று கேட்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருடத்தில் பல இளைஞர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நீங்களே திருப்பூரில் பனியன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவர். சாயப் பட்டறையிலிருந்து வரும் லேப் டிப்பை, அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணியை, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, ஷேடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறீர்களே, அது என்ன வேலை சார்? உங்களுக்கு அந்தக் கண் அனுபவத்தில் வந்தது. பதினான்கு வயதில் அவள் வண்ணம் கலக்கும்போதே அது தொடங்கிவிடும்.

வேலைவாய்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். நிஃப்ட் என்னும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் நிட்வேர் (பின்னலாடை) டிசைன் என்றே ஒரு பி.டெஸ். (டிசைன் பட்டம்) படிப்பு உண்டு, சென்னை தரமணி வளாகத்திலும் இருக்கிறது. நிஃப்ட் நுழைவுத்தேர்வில் கிரியேட்டிவ் எபிலிட்டி டெஸ்ட் என்று வரைவதற்குத் தனித் தாள். ஐஐடிகளில் பி.டெஸ். சேர ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்விலும் கையால் வரையும் பகுதி உண்டு. இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தாலும் சரி. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். மேல் ஆசை வந்தால் மட்டும் கணக்கும் இயற்பியலும் கட்டாயம், ஐந்து வருடப் படிப்பு. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே டெக்ஸ்டைல் டிசைனில் பட்டம் வாங்கலாம், தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. இதற்காக இப்போதே கோச்சிங் சென்டரில் பணம் கட்டாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் அது வீண்.

ஏஐ பாடத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. அதை அவள் பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ பிடித்துக்கொள்ளலாம். கேட்டவுடன் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிற காலத்தில், அந்தப் படத்தில் எது பொருந்தவில்லை என்று சொல்லத் தெரிந்தவருக்கு மவுசு கூடத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை. ஃபாரத்தில் டிக் போடும் முன் பள்ளியின் ஓவிய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், போன வருடத்துப் பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. உடுமலைப் பக்கத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது, மலையே பார்க்காத ராமநாதபுரத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. நோட்டுக்கு நோட்டு இதே படம் இருந்தால் அங்கே நடப்பது காப்பியடிக்கும் பயிற்சிதான், சந்தேகமில்லாமல் ஏஐ-க்கே டிக் போடுங்கள். ஒரே சொம்பை நாற்பது பேர் நாற்பது கோணத்தில் வரைந்திருந்தால், அழித்த தடங்கள் தெரிந்தால், ஓவியம் எடுக்கட்டும்.

எதை எடுத்தாலும் வீட்டில் அவளுக்கு ஒரு ஸ்கெட்ச் நோட்டு வாங்கிக் கொடுங்கள். சரியாக வராத படங்களையும் கிழிக்காமல், தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். சில டிசைன் கல்லூரிகளில் சேர்க்கையின்போது போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்பார்கள், அப்போது அந்தப் பழைய பக்கங்கள் தேவைப்படும்.